கீமோகைன்களின் இரு பிணைப்புகள்: சர்க்கரைச் சங்கிலியும் ஏற்பியும்

கீமோகைன்கள் என்பவை வெள்ளை அணுக்களைத் தேவைப்படும் இடத்திற்கு வரவழைக்கும் சிறிய புரதங்கள் ஆகும். காயம் பட்ட இடத்திலும் நோய்க்கிருமி நுழைந்த இடத்திலும் உள்ள உயிரணுக்கள் இவற்றைச் சுரக்கின்றன. மனித உடலில் ஏறத்தாழ 50 கீமோகைன்கள் உள்ளன. பெரும்பாலானவற்றின் எடை 8 முதல் 10 கிலோடால்டன். சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் அமைந்துள்ள முறையைக் கொண்டு இவை சிசி, சிஎக்ஸ்சி, எக்ஸ்சி, சிஎக்ஸ்3சி என நான்கு குடும்பங்களாகப் பிரிக்கப்படுகின்றன.

கீமோகைன் இரண்டு பொருள்களுடன் பிணைகிறது. ஒன்று, திசுக்களில் உள்ள சர்க்கரைச் சங்கிலி. மற்றொன்று, வெள்ளை அணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி.

சர்க்கரைச் சங்கிலியுடன் பிணைப்பு

இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் திசுக்களின் இடைவெளிகளிலும் கிளைக்கோசமினோகிளைக்கான்கள் எனப்படும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் உள்ளன. ஹெப்பரான் சல்பேட்டு இவற்றுள் முக்கியமானது. சல்பேட்டுத் தொகுதிகள் மிகுந்திருப்பதால் இச்சங்கிலிகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. கீமோகைன்களின் மேற்பரப்பிலோ லைசின், ஆர்ஜினின் ஆகிய நேர்மின்னூட்ட அமினோ அமிலங்கள் உள்ளன. எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்ப்பதால் இரண்டும் பிணைகின்றன.

இந்தப் பிணைப்பு ஏன் தேவை? இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. எதிலும் ஒட்டாத கீமோகைனை அது அடித்துச் சென்றுவிடும். சங்கிலியில் ஒட்டிய கீமோகைன் சுரந்த இடத்தின் அருகிலேயே தங்குகிறது. அவ்விடத்தில் செறிவு மிகுதியாகவும், விலக விலகக் குறைவாகவும் அமைகிறது. இந்த வேறுபாடே வெள்ளை அணுவுக்குத் திசை காட்டுகிறது.

ஏற்பியுடன் பிணைப்பு

கீமோகைன் ஏற்பி, உயிரணுச் சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் புரதமாகும். பிணைப்பு இரண்டு படிகளில் நடப்பதாகப் பொதுவாக விளக்கப்படுகிறது.

முதற்படியில், ஏற்பியின் வெளியே நீண்டிருக்கும் முனை கீமோகைனின் உடற்பகுதியைப் பற்றுகிறது. இரண்டாம் படியில், கீமோகைனின் வளையும் தன்மையுள்ள முன்முனை ஏற்பியின் உட்குழிவுக்குள் நுழைகிறது. உடனே ஏற்பியின் வடிவம் மாறி, உட்புறமுள்ள ஜி-புரதம் தூண்டப்படுகிறது. வெள்ளை அணு நகரத் தொடங்குகிறது.

பற்றுவதும் தூண்டுவதும் வேறு வேறு என்பதற்குச் சிசிஎல்2 நல்ல சான்று. அதன் முன்முனையில் சில அமினோ அமிலங்களை நீக்கினால், அது ஏற்பியுடன் பிணையும், ஆனால் தூண்டாது. மாறாக, முழுமையான சிசிஎல்2-க்குத் தடையாக நிற்கும்.

இரண்டும் சேர்ந்து இயங்குதல்

குழாய்ச் சுவரில் மெல்ல உருண்டு செல்லும் வெள்ளை அணு, அங்குச் சங்கிலியில் ஒட்டியுள்ள கீமோகைனைத் தன் ஏற்பியால் உணர்கிறது. உடனே இன்டெக்ரின் புரதங்கள் செயல்பட்டு அணுவைச் சுவரில் உறுதியாக நிறுத்துகின்றன. பின்னர் அது சுவரைக் கடந்து திசுவுக்குள் செல்கிறது.

ஏற்பி மட்டும் போதாது என்பதை 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிசிஎல்2, சிசிஎல்4, சிசிஎல்5 ஆகியவை சர்க்கரைச் சங்கிலியுடன் சரிவரப் பிணையாதவாறு மாற்றப்பட்டன. ஆய்வகச் சோதனையில் இவை உயிரணுக்களை ஈர்த்தன. எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்தியபோது ஈர்க்கவில்லை. ஆய்வகக் கலத்தில் ஓட்டம் இல்லை. உயிருள்ள உடலில் கீமோகைனை ஓரிடத்தில் நிறுத்திவைக்கச் சங்கிலி வேண்டும்.

மருத்துவப் பயன்

கீமோகைன்கள் அளவு மீறினால் முடக்குவாதம் போன்ற அழற்சி நோய்களில் வெள்ளை அணுக்கள் குவிந்து திசுவைச் சிதைக்கின்றன. எச்.ஐ.வி. கிருமி உயிரணுவுக்குள் நுழையச் சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பியைப் பயன்படுத்துகிறது. சிசிஆர்5-ஐ அடைக்கும் மராவிராக் மருந்துக்கு 2007-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஏற்பியை அடைப்பது ஒரு வழி. கீமோகைன் சர்க்கரைச் சங்கிலியில் ஒட்டாமல் தடுப்பது மற்றொரு வழி. இதுவும் அழற்சி நோய்களுக்காக ஆராயப்பட்டு வருகிறது.