விடியாத பால்மரத் தோட்டத்தில் கேமரா ஏன் திணறுகிறது?

மலேசியாவின் புக்கிட் செலம்பாவ் பக்கம், விடியுமுன் பால்மரம் வெட்டுபவரைப் படமெடுக்கப் போகிறீர்கள். பொத்தானைப் பாதி அழுத்தினால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, எங்கும் நிற்கவில்லை. ஏன்?

ஃபோகஸ் என்பது லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளை நகர்த்தி, ஒளியைச் சென்சார்மேல் சரியாகக் குவிப்பது. ஆட்டோஃபோகஸில் இந்த வேலை மோட்டாருடையது. எங்கே நிற்பதென்று அதற்கு எப்படித் தெரியும்?

பழைய வானொலியில் நிலையம் பிடித்திருக்கிறீர்களா? குமிழைத் திருகத் திருக ஒலி தெளியும். கொஞ்சம் தாண்டினால் கரகரக்கும். உடனே பின்னுக்குத் திருப்புவீர்கள். ஒருவகை ஆட்டோஃபோகஸும் அப்படித்தான். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் விளிம்பு மிகக் கூர்மையாகும் இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து நிற்கும்.

இன்னொரு வகை, லென்ஸின் இரு பக்கங்கள் வழியே வரும் ஒளியை ஒப்பிடும். இரண்டு பிம்பங்களின் விலகலை வைத்தே எந்தப் பக்கம், எவ்வளவு நகர்வது என்று கணக்கிட்டுவிடும். அதனால் வேகம் அதிகம். 1985-இல் வந்த மினோல்டா 7000 கேமரா இந்த முறையைத்தான் கையாண்டது.

இரண்டுக்குமே தெளிவான விளிம்பு வேண்டும். இருட்டிலும் பனிமூட்டத்திலும் அது எளிதில் சிக்காது. குறுக்கே கிளை நீண்டிருந்தால், அதையே பிடித்துக்கொள்ளவும் கூடும்.

அப்போது கையால் ஃபோகஸ் செய்யும் மேனுவல் முறைக்கு மாறுங்கள். திரையில் மரத்தின் வெட்டுக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்து, லென்ஸின் வளையத்தைத் திருகுங்கள். மரம் நகரப் போவதில்லை! தைப்பூசத்தில் ஆடிவரும் காவடிக்கோ ஆட்டோஃபோகஸே கைகொடுக்கும்.

எதை வாங்கலாம்? பெரும்பாலான ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களைக் கையாலும் திருகலாம். மேனுவல் லென்ஸில் மோட்டார் கிடையாது. விலை குறைவாகக் கிடைத்தால், நிதானமாகப் படமெடுப்பவருக்கு அதுவே போதும்.