ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள்

2009 மார்ச் 16. கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள மொன் ட்ரெம்பிளான் மலையில், புதிதாகப் பழகுவோருக்கான சரிவில் பனிச்சறுக்குப் பழகிக்கொண்டிருந்த ஆங்கில நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் விழுந்தார். இரண்டு பிள்ளைகளின் தாயான அவருக்கு வயது 45. தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. வெளிக்காயம் தெரியாததால் வைத்திய உதவியை மறுத்துவிட்டார். சுமார் ஒரு மணித்தியாலத்தின் பின் தலைவலி தொடங்கியது. இரண்டு நாட்களில் உயிர் பிரிந்தது. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே கசிந்த இரத்தம் மூளையை அழுத்தியதே காரணம்.

பனிச்சறுக்குவோரும் மலையில் சைக்கிள் ஓட்டுவோரும் அணியும் பெரும்பாலான தலைக்கவசங்களின் உள்ளே ரெஜிபோம் போன்ற தடித்த படை உண்டு. விழும்போது அது நசுங்கி அடியின் வேகத்தைக் குறைக்கிறது. நசுங்கியது மீண்டும் எழாது. ஆகவே, பலமாக அடிபட்ட தலைக்கவசத்தை மாற்றியே ஆகவேண்டும்.

கண்ணுக்கும் காவல் வேண்டும். புதிதாய் விழுந்த பனி, சூரியனின் புறஊதாக் கதிர்களில் 80 வீதம் வரை திருப்பி வீசும். வெறுங்கண்ணோடு நின்றால் சில மணித்தியாலங்களில் கண் எரிந்து கூசும். சைக்கிள் ஓட்டுவோருக்கோ சேறும் சிறுகல்லும் கண்ணில் தெறிக்கும்.

சகோதரிகளே, நம் ஊரில் பனிமலை இல்லை. ஆனால் நம் பிள்ளைகளும் சைக்கிளிலிருந்து விழுகிறார்கள். தலையில் அடிபட்ட பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் கண்டால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.