விளக்குக்கு வைத்ததை அடுப்பில் போடலாமா?

2012-இல் மின்வெட்டு நம்மை வாட்டியபோது வசதியுள்ள வீடுகளில் இன்வெர்ட்டர் ஏறியது. இப்போது சின்னசேலம் டீக்கடைத் தோழர்கள் சிலர், "பேட்டரி இருக்க விறகெதற்கு, காஸ் எதற்கு? கரண்டு கெட்டிலைச் சொருகினால் போதாதா?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. கணக்கைப் பார்ப்போம்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் அடங்குவது 1,800 வாட்-மணி. இரண்டு யூனிட்கூட இல்லை! ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் வறட்டினால் ஆயுள் குறையும். ஆக, கைக்கு வருவது 900. முப்பது டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டர் கொதிக்க 81 வாட்-மணி வேண்டும். கழிவும் சேர்ந்தால் நூறைத் தாண்டும். எட்டு லிட்டரோடு கதை முடிந்தது. காலைக் கூட்டத்துக்கே காணாது. அதே 900-ஐ வைத்து 9 வாட் விளக்குகள் ஐந்தை இரவு முழுவதும் எரிக்கலாமே!

இன்னொரு வினையும் உண்டு. 1,500 வாட் கெட்டிலுக்கு அந்தப் பேட்டரி 125 ஆம்பியருக்கு மேல் கக்க வேண்டும். வீட்டுக்கு வாங்கிய சிறிய இன்வெர்ட்டர் தாங்காது. ஓட்டம் இரட்டித்தால் கம்பியின் சூடு நான்கு மடங்கு. 1840-களில் ஜூல் என்ற ஆங்கிலேயர் கண்ட விதி இது. அவர் பீர் ஆலை முதலாளியின் மகன்தான். இருக்கட்டும், அறிவுக்கு ஏது வர்க்கம்?

கல்வராயன் மலையில் விறகுப் புகையில் கண் கசக்கும் தாய்மாருக்கு மாற்று வேண்டும். அதில் நமக்கு இரு கருத்தில்லை. தடையின்றிக் கம்பியில் வரும் மின்சாரம் அதைத் தரும். கூரையில் வெயில் சுடவைத்த தண்ணீரை அடுப்பேற்றினாலும் விறகு மிச்சம். டீக்கடைத் தோழர் பேட்டரிக்காகக் கடன்பத்திரத்தில் கையெழுத்திடுமுன், இந்த எட்டு லிட்டர் கணக்கை விற்பவரிடம் கேட்கட்டும்.