விறைத்த விரலுக்குத் தினமும் 10 நிமிடம்!

விடியற்காலை 4.30 மணி. சொசைட்டிக்குப் பால் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. கன்றை ஊட்டவிட்டுப் பிடித்துக் கட்டி, மடியைக் கழுவி, காம்பைப் பிடித்தால் விரல் மடங்க மறுக்கிறது. நேற்று ராத்திரி சோறு பிசைந்த அதே கைதான், இப்போது கட்டை போல நிற்கிறது. தேய்த்து, உதறி, ஒருவழியாகக் கறக்க ஆரம்பிப்பதற்குள் மாடு பாலை அடக்கிக்கொள்கிறது.

இது பால்மாடு வைத்திருக்கும் வீடுகளின் கதை மட்டுமல்ல. விடியுமுன் மல்லிகை மொட்டுப் பறிப்பவர்கள், சின்ன வெங்காயத்துக்குத் தாள் அரிபவர்கள், பருத்தி எடுப்பவர்கள், நாள் முழுக்க மண்வெட்டி பிடிப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு வயதுக்குமேல் வரும் தொல்லை இது. ‘வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்’ என்று தைலத்தைத் தடவிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால், விறைத்த விரலை ஓரளவு பழைய நிலைக்குக் கொண்டுவர வீட்டிலேயே வழி இருக்கிறது. செலவில்லாத வழி அது. ஒரு பாத்திரம் வெந்நீரும், தினமும் 10 நிமிடமும் போதும். அதற்கு முன், தன் விரலுக்கு வந்திருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ராட்டினமும் கயிறும்

ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. ஆனால், விரலை மடக்கி நீட்டும் தசைகள் விரலுக்குள் இல்லை. அவை முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு போன்ற தசைநாண்கள் விரல் நுனிவரை ஓடுகின்றன. கிணற்று ராட்டினத்தில் கயிறு ஓடுவதைப் போல, இவை சின்னச்சின்ன வளையங்களுக்குள் நுழைந்து ஓடுகின்றன.

மூட்டுக்குள் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்குத் தனியாக ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவம்தான் அதற்குச் சாப்பாடு. மூட்டு அசைந்தால்தான் அந்தத் திரவம் எல்லா இடத்துக்கும் பரவும். ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்த விரல் காலையில் இறுகிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். வலிக்கிறதே என்று பகலிலும் விரலை அசைக்காமல் வைத்தால் இறுக்கம் இன்னும் கூடும்.

எல்லா வலியும் ஒன்றல்ல

*தேய்மானம்:* விரல் நுனிக்கு அடுத்த கணுவிலும் கட்டைவிரலின் அடியிலும் வலிக்கும். கணுக்கள் கல் மாதிரி புடைத்துக்கொள்ளும். காலையில் இருக்கும் பிடிப்பு அநேகமாக அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வரும். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு உண்டு.

*முடக்குவாதம்:* இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி, விரல் தொடங்கும் கணுக்களிலும் நடுக்கணுக்களிலும் வீக்கம் வரும். தொட்டால் மெத்தென்று சூடாக இருக்கும். காலைப் பிடிப்பு ஒரு மணி நேரம் தாண்டியும் விடாது. உடம்பு அசதியாக இருக்கும். இது தேய்மானம் அல்ல. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கும் நோய். மருந்தைச் சீக்கிரம் ஆரம்பித்தால் விரல் கோணிப்போகாமல் காக்கலாம். தள்ளிப்போட்டால் கோணியது திரும்பாது.

*சிக்கிக்கொள்ளும் விரல்:* மடக்கிய விரல் நீட்டும்போது சிக்கி நின்று, ‘டக்’கென்று விடுபடும். முடிச்சு விழுந்த கயிறு ராட்டினத்தில் சிக்குவது போலத்தான் இதுவும். தசைநாண் தடித்துப்போய் வளையத்துக்குள் நுழைய முடியாமல் திணறுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும்.

*மணிக்கட்டு நரம்பு அழுத்தம்:* கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், ராத்திரியில் எழுந்து கையை உதறவைக்கும். இது விரல் மூட்டின் கோளாறு அல்ல, மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதால் வருவது.

கும்பிட்டுப் பாருங்கள்

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நெஞ்சுக்கு நேராகக் கை கூப்பிக் கும்பிடுங்கள். முழங்கைகள் பக்கவாட்டில் விரிந்திருக்கட்டும். இரண்டு உள்ளங்கைகளும் எல்லா விரல்களும் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். விரல்கள் நடுவில் வளைந்து, சந்து தெரிந்தால் விரல் மூட்டுகள் இறுகிவருகின்றன என்று பொருள். பல ஆண்டுகளாகச் சர்க்கரை கட்டுப்படாமல் இருப்பவர்களுக்கு வலியே இல்லாமலும் இப்படி ஆகும். கும்பிடும்போது கை ஒட்டாதவர்கள் ஒருமுறை ரத்தச் சர்க்கரை பார்த்துவிடுவது நல்லது.

10 நிமிடப் பயிற்சி

முதலில் வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை வைத்திருங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குக் கையில் சூடு தெரியாமல் போகலாம் என்பதால், முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே கையை வைக்க வேண்டும். மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருக்கும் நாளில் வெந்நீரும் வேண்டாம், அழுத்தும் பயிற்சியும் வேண்டாம். மெதுவாக மடக்கி நீட்டினாலே போதும்.

1. *மூடித் திறப்பது:* கட்டைவிரல் வெளியே இருக்கும்படி மெதுவாகக் கையை மூடுங்கள். இறுக்க வேண்டாம். பிறகு ஐந்து விரல்களையும் நன்றாக விரியுங்கள். 10 தடவை.

2. *துறட்டி:* கையை நேராக நிறுத்தி, விரல் தொடங்கும் கணுக்களை மடக்காமல் நடுக்கணுவையும் நுனிக்கணுவையும் மட்டும் மடக்குங்கள். விரல்கள் துறட்டிக் கொக்கி போல நிற்கும். பிறகு நீட்டுங்கள். 10 தடவை.

3. *மேசை:* இப்போது அதற்கு நேர்மாறு. விரல்களை விறைப்பாக வைத்துக்கொண்டு, விரல் தொடங்கும் கணுவில் மட்டும் மடக்குங்கள். புறங்கையும் விரல்களும் மேசையின் காலும் பலகையும் போல நிற்கும். 10 தடவை.

4. *கட்டைவிரல் தொடுவது:* கட்டைவிரல் நுனியால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டு வட்டம் போடுங்கள். கடைசியில் சுண்டுவிரலின் அடிவரை கட்டைவிரலை நகர்த்துங்கள். 5 சுற்று.

5. *விரல் தூக்குவது:* திண்ணையிலோ பலகையிலோ உள்ளங்கையைப் பதித்து, ஒவ்வொரு விரலாக மேலே தூக்கி இறக்குங்கள். விரலுக்கு 5 தடவை. மோதிரவிரல் கொஞ்சம்தான் எழும்பும். அது எல்லோருக்கும் அப்படித்தான்.

6. *ரப்பர் பேண்டு:* ஐந்து விரல் நுனிகளையும் சேர்த்து ஒரு மெல்லிய ரப்பர் பேண்டு மாட்டி, விரல்களை வெளிப்பக்கமாக விரியுங்கள். 10 தடவை. அரிவாள், மண்வெட்டி, கறவை என்று விவசாய வேலை எல்லாமே பிடிக்கும் வேலைதான். விரிக்கும் தசைகளுக்கு வேலையே கிடைப்பதில்லை. அந்தக் குறையை இது சரிசெய்யும்.

ஸ்பாஞ்சையோ சப்பாத்தி மாவு உருண்டையையோ அழுத்தும் பயிற்சியும் உண்டு. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். தினமும் பால் கறப்பவர்களுக்கும் அறுவடைக் காலத்தில் அரிவாள் பிடிப்பவர்களுக்கும் இது தேவையில்லை. அவர்கள் கை ஏற்கெனவே வேண்டிய அளவு அழுத்திவிட்டது. விரல் சிக்கிக்கொள்ளும் கோளாறு உள்ளவர்கள் இதைச் செய்யவே கூடாது.

லேசாக இழுத்துப் பிடிப்பது போல இருந்தால் பரவாயில்லை. பயிற்சி முடிந்து 2 மணி நேரம் கழித்தும் வலித்தால், அடுத்த நாள் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கறவைக்கு முன்பு ஒரு தடவையும் ராத்திரி படுக்கும் முன்பு ஒரு தடவையும் செய்வது நல்லது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

முடக்குவாதம் உள்ள 490 பேரை வைத்து இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2015-ம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு கைப்பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களின் கை, ஓராண்டு முடிவில் மற்றவர்களின் கையைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால், வலியின் அளவில் இரண்டு பிரிவினருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இதைப் புரிந்துகொண்டு ஆரம்பித்தால் ஏமாற்றம் இருக்காது. பயிற்சி வலியை முழுக்க எடுத்துவிடாது. புடைத்த கணுவையும் கரைக்காது. பாத்திரத்தைப் பிடிக்க, பொத்தான் போட, மாடு கறக்க வேண்டிய அசைவைத் திருப்பித் தரும், இருக்கும் அசைவைக் காப்பாற்றும். அதுவும் ஒரு வாரத்தில் தெரியாது. ஒன்றரை, இரண்டு மாதம் விடாமல் செய்ய வேண்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரையைப் பயிற்சியை நம்பி நிறுத்தவும் கூடாது.

வேலையையும் கொஞ்சம் மாற்றுங்கள்

காலையில் 10 நிமிடம் விரலைப் பழக்கிவிட்டு, நாள் முழுக்க அதே விரலை வதைத்தால் பலன் இருக்காது.

பலர் கட்டைவிரலை உள்பக்கம் மடக்கி, அந்தக் கணுவால் காம்பை நெரித்துக் கறக்கிறார்கள். இது காம்பையும் புண்ணாக்கும், கட்டைவிரல் மூட்டையும் தேய்க்கும். காம்பு முழுவதும் உள்ளங்கைக்குள் இருக்க, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேலே வளையம் போலப் பிடிக்க, மற்ற விரல்கள் மேலிருந்து கீழாக வரிசையாக அழுத்தும் முழுக்கைக் கறவைதான் மாட்டுக்கும் கைக்கும் நல்லது. கட்டைவிரலை மடக்கிப் பழகியவர்களுக்கு மாற்றிக்கொள்ளச் சில நாள்கள் ஆகும். நிதானமான, கறவை குறைந்த மாட்டில் பழக ஆரம்பிக்கலாம்.

அரிவாள், களைக்கொத்து ஆகியவற்றின் பிடி ஒல்லியாக இருந்தால் விரல்கள் அதிகமாக இறுக்க வேண்டியிருக்கும். பழைய சைக்கிள் டியூபைப் பிடியில் சுற்றிவிட்டால் பிடி தடித்து, வழுக்காமல், குறைந்த பலத்திலேயே வேலை முடியும். மழுங்கிய அரிவாள் இரண்டு மடங்கு பிடிக்கவைக்கும். தீட்டிவைத்துக்கொள்வதும் விரலுக்குச் செய்யும் வைத்தியம்தான். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதற்குப் பதிலாகக் கொடியில் போட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தி நீரை வடிக்கலாம். தண்ணீர்க் குடத்தை விரல் நுனியில் தூக்காமல் இடுப்பில் ஏற்றுங்கள்.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

*விரலில் சொடக்கு எடுத்தால் மூட்டு தேயுமா?*
தேயாது. அமெரிக்க மருத்துவர் டொனால்டு அங்கர் என்பவர் 50 ஆண்டுகளுக்கு மேல் ஒரு கை விரல்களில் மட்டும் சொடக்கு எடுத்துப் பார்த்தார். இரண்டு கைகளிலுமே மூட்டுவாதம் வரவில்லை. ஆனால், வலியோடு சொடக்கு விழுந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

*எண்ணெய் தேய்த்து நீவலாமா?*
இதமாக நீவலாம். தேய்க்கும் எண்ணெயைவிட, நீவும்போது வரும் சூடும் அசைவும்தான் பலன் தருகின்றன. வீங்கிய விரலை முறுக்கி இழுத்து ‘நெட்டி எடுப்பது’ கூடாது.

*சந்தையில் விற்கும் வலிப்பொடி சாப்பிட்டதும் கை லேசாகிவிடுகிறதே?*
உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாத பொட்டலத்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். அது வலியை மறைக்கும். ஆனால் சர்க்கரையை ஏற்றும், எலும்பை மெலியவைக்கும். வாங்காதீர்கள்.

*எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்?*
முள் குத்தியோ வெட்டுப்பட்டோ விரல் சிவந்து வீங்கி, நீட்டவே முடியாமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். சீழ் தசைநாண் வரை போனால் விரலுக்கே ஆபத்து. காலைப் பிடிப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலோ, வீக்கம் சில வாரமாக நீடித்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, கட்டைவிரலின் அடிச்சதை வற்றிக்கொண்டுவந்தாலோ தள்ளிப்போடக் கூடாது.

*நகரத்துக்குப் போய் பிசியோதெரபி எடுக்க முடியாதவர்கள் என்ன செய்வது?*
2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, தேவைப்படுபவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு. ஊருக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்கலாம். 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனையும் பெறலாம்.

மோட்டாருக்கு கிரீஸ் வைக்கவும், அரிவாளைச் சாணை பிடிக்கவும் மறக்காதவர்கள் விவசாயிகள். அந்த அரிவாளைப் பிடிக்கும் கைக்கும் தினமும் 10 நிமிடம் ஒதுக்கினால், நாளைக் காலை காம்பைப் பிடிக்கும்போது விரல் மறுக்காமல் மடங்கும்.