கரும்புத் தோட்டத்துக் கருங்கல்

இறம்பொடை நீர்வீழ்ச்சியைக் காண வருவோர் தேயிலைப் பச்சையையும் மெச்சிச் செல்வார்கள். அந்தச் சரிவுகளைத் தோட்டமாக்கிய கைகளை நினைப்போர் குறைவு. மொரிசியஸ் தீவின் கதையும் அதுதான், சகோதரிகளே!

எரிமலைக் குழம்பு இறுகி உண்டான தீவு அது. க்யூர்பிப் நகரில் எரிமலையின் வாய் இன்று மரங்கள் சூழ்ந்த பள்ளமாய் அடங்கிக் கிடக்கிறது. மாஹேபூர் போன்ற அமைதியான கரையோர ஊர்களில் மீன்படகுகள் அசைந்தாடும். சற்று உள்ளே போனால் கரும்பு. அதன் நடுவே கோபுரம்போல் கருங்கல் குவியல்கள்! எல்லாம் எரிமலை கக்கிய கற்கள். பயிரிட நிலம் வேண்டி அவற்றைக் கையால் பொறுக்கிக் குவித்தவர்கள், முதலில் அடிமைகள். பின்னர் ஒப்பந்தக் கூலிகள். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ 5 இலட்சம் பேர் அப்படிக் கப்பலேறிப் போனார்கள். தமிழரும் பீகாரிகளும், அவர்களுள் முஸ்லிம்களும், கைக்குழந்தையோடு பெண்களும்.

அவர்கள் கரையேறிய போர்ட் லூயிஸ் துறைமுகப் படித்துறையை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. படித்துறையைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கற்குவியல்களின் அருகிலும் சற்று நின்றுவிட்டு வரலாம்.