தலைநகரம் ஆகப் பார்த்த திருச்சி!

தமிழ்நாட்டின் தலைநகரம் எது? சென்னை. இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஆனால் "அந்தப் பெருமை எங்கள் ஊருக்கு வர வேண்டும்" என்று திருச்சி கேட்டது உண்டு. மதுரையும் கேட்டது உண்டு. இந்தப் போட்டி இன்று நேற்று வந்தது அல்ல!

புத்தூருக்குப் பக்கத்தில்

திருச்சி நகரில் உள்ளது புத்தூர். பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் இடம். நால்ரோட்டில் எப்போதும் கூட்டம்.

புத்தூரை அடுத்து இருப்பது உறையூர். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு அதுதான் சோழ மன்னர்களின் தலைநகரம். புத்தூரில் இருந்து நடந்தே போய்விடலாம்!

மதுரையா, திருச்சியா?

நாயக்கர் காலத்தில் தலைநகரம் இங்கும் அங்குமாக மாறியது.

17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து வீரப்ப நாயக்கர் மதுரையை விட்டுத் திருச்சிக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த திருமலை நாயக்கர் மதுரைக்கே திரும்பினார். அங்கே பெரிய மகால் கட்டினார். அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் மறுபடியும் திருச்சிக்கு வந்துவிட்டார்.

ராணி மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை திருச்சியில் இருந்தே ஆட்சி செய்தார். அவர் பெயரால் அழைக்கப்படும் மண்டபம் மலைக்கோட்டை அடிவாரத்தில் இன்றும் இருக்கிறது.

மூலையில் நின்ற தலைநகரம்

1639-ம் ஆண்டில் வெள்ளைக்காரக் கம்பெனியார் கடற்கரை ஓரம் இடம் வாங்கினார்கள். கோட்டை கட்டினார்கள். அதைச் சுற்றிச் சென்னை வளர்ந்தது. ராஜதானியின் தலைநகரம் ஆனது.

1953-ல் ஆந்திரம் பிரிந்தது. 1956-ல் மலபாரும் பிரிந்தது. ராஜ்யம் சுருங்கியது. தலைநகரம் மட்டும் வடகிழக்கு மூலையில் நின்றுவிட்டது!

கன்னியாகுமரியில் இருந்து சென்னை சுமார் 700 கிலோமீட்டர். திருச்சி என்றால் 400 கிலோமீட்டர் கூட இல்லை.

ஒரு கையெழுத்துக்காகச் சென்னைக்குப் போகிறவருக்கு என்ன செலவு? பஸ் கட்டணம், சாப்பாடு, தங்கும் இடம். போதாக்குறைக்கு இரண்டு மூன்று நாள் கூலியும் போய்விடும். ஏழைக்கு இது பெரிய நஷ்டம் அல்லவா?

எம்.ஜி.ஆர். யோசனை

1983-ல் சென்னையில் கடுமையான தண்ணீர்ப் பஞ்சம். அப்போது முதல்-மந்திரி எம்.ஜி.ஆர். "தலைநகரைத் திருச்சிக்கு மாற்றலாம்" என்ற யோசனையை அவர் வெளியிட்டார்.

திருச்சி, மாநிலத்தின் நடுவில் இருக்கிறது. பக்கத்திலேயே காவிரி ஓடுகிறது. வேறென்ன வேண்டும்?

ஆனால் எதிர்ப்புக் கிளம்பியது. தி.மு.க. தலைவர் கருணாநிதி எதிர்த்தார். சட்டசபை, செயலகம் எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும். ஊழியர் குடும்பங்களுக்கு வீடு வேண்டும். கடைசியில் யோசனை கைவிடப்பட்டது.

தண்ணீர் போனது!

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தலைநகரம் காவிரியைத் தேடி வரவில்லை. காவிரித் தண்ணீர் தலைநகரைத் தேடிப் போனது!

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியில் இருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையில் இருந்து வீராணம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. குழாயின் நீளம் 200 கிலோமீட்டருக்கும் மேல்!

மதுரைக்குக் கிடைத்தது

அதே 2004-ம் ஆண்டு ஜூலை 24-ந்தேதி மதுரையில் ஐகோர்ட்டுக் கிளை திறக்கப்பட்டது. திருச்சி மாவட்டமும் அதன் எல்லைக்குள் வந்தது. முன்பு புத்தூர்க்காரர் ஐகோர்ட்டு வழக்குக்குச் சுமார் 330 கிலோமீட்டர் போனார். இப்போது 135 கிலோமீட்டர்தான். போட்டி ஊரே அலைச்சலைக் குறைத்தது!

ஆனாலும் போட்டி தீரவில்லை. 2020 ஆகஸ்டில், மதுரையை இரண்டாவது தலைநகரம் ஆக்க வேண்டும் என்று மந்திரி ஆர்.பி.உதயகுமார் கேட்டார். திருச்சியைத்தான் ஆக்க வேண்டும் என்றார், மந்திரி வெல்லமண்டி நடராஜன். இவை அவர்களுடைய சொந்தக் கருத்து என்று முதல்-மந்திரி எடப்பாடி பழனிசாமி கூறிவிட்டார்.

திருச்சியும் தூரமே!

இன்னொரு செய்தியும் உண்டு. சென்னை தூரம் என்றது திருச்சி. திருச்சியே தூரம் என்று இருந்தவை கரூரும் பெரம்பலூரும். 1995-ல் அவை தனி மாவட்டங்கள் ஆயின. பிறகு பெரம்பலூரில் இருந்து அரியலூர் பிரிந்தது.

ஊர்ப் பெருமை எல்லோருக்கும் உண்டு. அதில் தவறு இல்லை. ஆனால் தலைநகரம் என்ற பெயர் வந்தால் மட்டும் ஏழையின் அலைச்சல் தீராது. காலையில் புறப்பட்டுப் போய், காரியத்தை முடித்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும். அந்தத் தூரத்தில் அலுவலகமும், கோர்ட்டும், ஆஸ்பத்திரியும் இருந்தால் போதும்.

தலைநகரம் எந்த ஊரில் இருந்தால் என்ன?