சாவுச் செய்தி சொன்ன வாத்தியம்

துக்கத்தின் குரலாகிப் போனதில் சாரங்கி இழந்தது கொஞ்சமல்ல

தேவிகுளம் மலைத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் டிரான்சிஸ்டர் கேட்டு வளர்ந்த பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சினிமாப் பாட்டு சட்டென்று நின்று சாரங்கி இழையத் தொடங்கினால், யாரோ பெரிய தலைவர் போய்விட்டார் என்று அர்த்தம். 1964-ல் நேரு, 1984-ல் இந்திரா காந்தி, 1991-ல் ராஜீவ் காந்தி: ஒவ்வொரு முறையும் வழக்கமான நிகழ்ச்சிகள் ரத்து, சோக இசை மட்டும். (தேவிகுளத்துக்கே வானொலி நிலையம் வந்தது பிற்பாடு.) தெற்கே பலருக்கு இந்த வாத்தியம் அறிமுகமானதே இழவு வீட்டில்தான்.

அழுவதற்கென்றே செய்தது போன்ற அமைப்பு அதற்கு. ஒரே மரக்கட்டையைக் குடைந்து ஆட்டுத்தோல் போர்த்தியது. வில் உரசுவது மூன்று நரம்புத் தந்திகளை. அடியில் முப்பதுக்கும் மேற்பட்ட உலோகத் தந்திகள், யாரும் தொடாமலே கூட அதிரும். தந்தியை விரல் நுனியால் அழுத்துவதில்லை; நகத்தின் அடிப்பக்கம் ஒட்டி நகர்கிறது. அதனால் ஸ்வரங்களுக்கு நடுவே வெட்டே இல்லாமல், விம்மல் போல ஒலி வழுக்கிச் செல்கிறது.

இத்தாலியிலும் இப்படி ஒன்று இருந்தது. பதினேழாம் நூற்றாண்டு ரோமில் புலம்பல் பாடல்களுக்குத் துணை லிரோன் என்ற வில் வாத்தியம். அதன் குதிரை ஏறக்குறைய தட்டை. வில் ஒரே இழுப்பில் மூன்று நான்கு தந்திகளைத் தொடும். பாடகியின் குரலுக்குக் கீழே மெத்தை விரித்தது போலிருக்கும். 1608-ல் மான்டுவாவில் அரங்கேறிய மான்டெவெர்டியின் 'அரியானா' ஆபராவில் இன்று மிஞ்சியிருப்பது நாயகியின் புலம்பல் பகுதி மட்டுமே என்றால், புலம்பலுக்கு அன்றிருந்த மவுசு புரியும். அந்த மோகம் போனது, லிரோனும் போனது. இருபதாம் நூற்றாண்டில்தான் எரின் ஹெட்லி என்ற பெண் கலைஞர் அதை மீட்டார்.

சாரங்கிக்காரர்களின் கதையில் முரண் கூடுதல். 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்துக்கு வானொலியில் தடை இருந்ததால், பக்கவாத்தியம் வாசித்து அவர்கள் பிழைத்தார்கள். சோறு போட்ட அதே வானொலிதான் சாவு முத்திரையும் குத்தியது. 'தாசி வீட்டு வாத்தியம்' என்ற பழைய ஏளனம் வேறு.

ராம் நாராயண் 1954-ல் பம்பாயில் தனிக் கச்சேரி செய்ய உட்கார்ந்தபோது, பொறுமையிழந்த ரசிகர்கள் அவரை மேடையிலிருந்து விரட்டிவிட்டார்கள். விடவில்லை மனிதர். 1956-ல் அதே நகரம் தலையாட்டியது. 2005-ல் பத்ம விபூஷண், 2024-ல் மறைந்தார். மகள் அருணா நாராயண் கனடாவில் குடியேறி சாரங்கி வாசிக்கிறார். அங்கே வில் அசைந்ததும் "யார் செத்தது?" என்று கேட்பாரில்லை.